லோர்னாவின் பிடில்

வயலின் வித்வாம்சினி ஹெட்விக் நோஸ்கி மேடையேறிய அந்தப் பிப்ரவரிக் கோடைப் பிற்பகலில், பெரிங்கல் ஊர்மன்றத்துத் தகரக்கூரை சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருந்தது. உள்நாட்டிலிருந்து வந்த வடகாற்றில் வறண்ட புழுதி. பெண்கள் கையில் கிடைத்ததையெல்லாம் விசிறியாக்கிக்கொண்டார்கள்.

ஹெட்விக் பிறந்து வளர்ந்தது இந்தக் கோதுமைச் சீமையில்தான். வயலினைத் தூக்கிக்கொண்டு மெல்பர்னுக்கு ரயிலேறியவள், வியன்னாவில் படித்து, லண்டனில் பேரெடுத்து, நாற்பதைத் தாண்டித் திரும்பினாள். தேசமெல்லாம் வாசித்தவளைச் சொந்த ஊர் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. ஆனால் அவள் கண் தேடியது தங்கை லோர்னாவை. லோர்னா அக்காவின் கச்சேரி எதற்கும் வந்ததில்லை. அழைப்பு அனுப்பினால், ஆடு கத்தரிக்கும் வேலை, அறுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது பதில் வரும்.

இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை. கச்சேரி முடிந்ததும் இதே மன்றத்தில் நடனம். அதற்குப் பிடில் வாசிப்பவளே லோர்னாதான்.

ஹெட்விக் பியானோக்காரர் ஆலனைப் பார்த்துத் தலையசைத்தாள். முதல் பாகம் நல்லபடி போயிற்று. அது முடிந்த நொடியில் லோர்னா படபடவென்று கைதட்டினாள். இந்த மாதிரிக் கச்சேரியில் கடைசிப் பாகமும் முடிந்த பிறகுதான் தட்டுவது வழக்கம்; வேறு யாரும் தட்டவில்லை. பாதிரியாரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். லோர்னாவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் ஹெட்விக்கின் வயலினுக்குள்ளிருந்து ஈ ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அடுத்த இழுப்பில் அது கரகரத்தது. ஹெட்விக் வில்லை நிறுத்தி, வயலினைத் திருப்பிப் பார்த்தாள். வெக்கையில் பசை விட்டு, பின்பலகை ஓர் ஓரமாய் வாய் பிளந்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் ஆலன் மெதுவாக.

"ஒட்டு விட்டுப்போச்சு. இதுல இனி ஒண்ணும் வாசிக்க முடியாது."

மன்றம் கிசுகிசுத்தது. லோர்னா எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்தாள் ஹெட்விக். ஆனால் தங்கை வண்டியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, மேடை விளிம்பில் வைத்தாள்.

"இந்தா. உன் சீமாட்டி வயலின் மாதிரி இருக்காது. பொல்கா, வால்ட்ஸ்னு நடன மெட்டு தவிர இது எதையும் வாசிச்சதில்ல."

"தந்தியத் தாங்குற குதிரை தட்டையா இருக்கேடி. ஒரு தந்தியத் தொட்டா ரெண்டு பேசும்."

"பேசட்டுமே. வாய மூடிக்கிட்டு இருக்க அது என்ன, உன்னை மாதிரி லண்டன்லயா வளர்ந்துச்சு?"

முன்வரிசை சிரித்தது. ஹெட்விக்கும் சிரித்துவிட்டாள். வில்லை இழுத்துப் பார்த்தாள். பிடில் உரக்கக் கத்தியது. பிருடையைத் திருகி ஸ்ருதி சேர்த்து, விட்ட பாகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். தேவையில்லாத இடத்தில் இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலித்தன. முதல் தடவை முகம் சுளித்தாள். அப்புறம் அந்த இரட்டை ஒலியையே விரும்பி வைத்து வாசிக்கத் தொடங்கினாள். கடைசிப் பாகம் ஓட்டமெடுத்தபோது, பின்வரிசை விவசாயிகளின் கால்கள் தாளம் போட்டன. பல வருஷமாகத் தப்பு வந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து வாசித்தவளுக்கு, இன்று அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. முடித்தபோது மன்றமே எழுந்து நின்றது.

நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. மன்றத்துச் சமையலறையில் பெண்கள் சாண்ட்விச்சும் கிரீம் கேக்கும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லோர்னா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷமா ஏண்டி வரல?" என்று கேட்டாள் ஹெட்விக்.

லோர்னா கெண்டியைக் கீழே வைத்தாள். "எப்பக் கைதட்டணும்னு எனக்குத் தெரியாதுக்கா. மெல்பர்ன்ல அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி தப்பாத் தட்டி உன் மானத்த வாங்கிடுவேனோன்னு பயம். இன்னிக்கு அதானே நடந்துச்சு."

ஹெட்விக் ஒரு மிடறு தேநீர் குடித்தாள். பிறகு, "அந்தப் பாகத்த நான் அவ்வளவு நல்லா வாசிச்சு ரொம்ப நாளாச்சு. நீ தட்டலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்றதுக்கு நீ யாரு, பத்திரிகைக்காரியா?"

அன்று நடனத்துக்குக் கைவசம் ஒரே பிடில்தான். சகோதரிகள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். ஹெட்விக் வால்ட்ஸை வேகமாக்கிவிட, ஆடிய கிழவர் ஒருவர், "அம்மா, என் முழங்கால் வியன்னாவுக்குப் போனதில்ல" என்று கெஞ்சினார். ஆலன் பாதிரியாரின் மனைவியோடு பொல்கா ஆடிக் கண்ணாடியைத் தொலைத்தார்.

குளிர்காலம் வந்ததும் லோர்னா மெல்பர்னுக்கு ரயிலேறினாள். பெரிய அரங்கில் அக்காவின் கச்சேரி. ஒவ்வொரு பாகமும் முடிந்ததும், யார் திரும்பிப் பார்த்தாலும் சட்டை செய்யாமல், மனசாரக் கைதட்டினாள். மூன்றாவது பாகத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் சேர்ந்துகொண்டார்.