தார்யையின் பெயர் எழுதிய பெட்டி

1942 ஜூன் மாதம். சேறு அப்பிய பூட்ஸோடு, மரப்பெட்டிகளுக்குப் பூ வரையும் ரன்வெய்க்கின் சமையலறைக்குள் வந்து நின்றான் ஓமுண்ட். பக்கத்துப் பண்ணைக்காரன், சின்ன வயதில் அவளோடு பனியில் சறுக்கி விளையாடியவன். ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்ததும் அவர்களுக்குத் துணைபோகும் கட்சியில் சேர்ந்து, பள்ளத்தாக்குக்கே தலைவனாகியிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை ஆஸ்லோலேர்ந்து கட்சிப் பெரியவர் வர்றாரு. அவருக்குக் குடுக்க ஒரு மரப்பெட்டி வேணும். சுத்தி உன் பூவேலை, நடுவுல நம்ம கட்சிச் சின்னம்.”

“உங்க கட்சி,” என்றாள் ரன்வெய்க், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி, எங்க கட்சி. வரைஞ்சு குடுத்தா உன் தம்பியப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்.”

தூரிகை நின்றது. தம்பி தார்யை ஊர்ப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கட்சி சொல்வதைப் போதிப்பதாகக் கையெழுத்துக் கேட்டபோது மறுத்தான். மார்ச்சில், அவனைப் போலவே மறுத்த பல ஆசிரியர்களோடு பிடித்துக்கொண்டு போனார்கள். வடகோடி முகாமில் கப்பல் சரக்கு சுமக்கிறான் என்று கேள்வி.

இரண்டு நாள் அவள் வண்ணத்தைத் தொடவில்லை. சின்னத்தை வரைந்தால் அவன் வீடு திரும்பலாம். திரும்பியவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். நீலத்தில் சுருள் கொடி, சிவப்பிலும் காவியிலும் இதழ்கள். பெட்டிக்கு உரியவர் பெயரையும் வருடத்தையும் மூடியின் விளிம்பைச் சுற்றி எழுதுவது வழக்கம். அதையும் எழுதினாள்.

ஞாயிறன்று ஊர்மன்றத்துக்கு எல்லோரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. துணி சுற்றிய பெட்டியோடு ரன்வெய்க் வந்தாள்.

“காட்டு பாப்போம்,” என்றான் ஓமுண்ட்.

“இன்னும் காயல. கை வச்சா அப்பிக்கும்.”

பெரியவர் துணியை விலக்கினார். சின்னத்தைக் காணோம். அப்படியொன்று கேட்டிருந்தது தெரியாத அவர் ‘ஆகா’ என்றபடி மூடியைத் திருப்பித் திருப்பி உரக்கப் படித்தார்: “ஆசிரியர் தார்யைக்கு உரியது. கையெழுத்துப் போடாதவர். 1942.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. பின் பெஞ்சில் ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். ஓமுண்ட் மட்டும் உட்கார்ந்திருந்தான், காது மடல்வரை சிவந்து.

அன்று மாலையே அவளைக் கொண்டுபோனார்கள். மூன்று வாரச் சிறை.

“மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு, வீட்டுக்குப் போகலாம்,” என்றார் அதிகாரி.

“எழுத வேண்டியத எழுதிட்டேனே. படிச்சீங்கல்ல?”

அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு வாரம் கூடியது. இருந்துவிட்டு வந்தாள்.

நவம்பரில் மற்ற ஆசிரியர்களோடு தார்யையும் வந்து சேர்ந்தான், எலும்பும் தோலுமாக. கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. பெட்டிக் கதையை வழியிலேயே ஊரார் சொல்லியிருந்தார்கள். சூப்பை இரண்டு கிண்ணம் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“பெட்டி எங்கக்கா?”

“ஓமுண்ட் அடுப்புல போட்டுட்டான்.”

“எழுத்துப் பிழை இல்லாமத்தான எழுதின?”

“வந்து உக்காந்ததும் வாத்தியார் வேலையா? கிண்ணத்த நீட்டுடா,” என்றாள். மேசையோரத்தில் ஏழு பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் கையெழுத்துப் போடாத ஓர் ஆசிரியரின் பெயர்.