மூன்று சொட்டுப் போதும்

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கம்பியக்கா என்று பெயர். நோயாளியின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று கண்டு சொல்வது அவள் வேலை. அளப்பது எந்திரம்தான். ஆனால் இரத்தத்தை அப்படியே ஊற்றினால் எந்திரத்துக்குத் தொண்டை அடைத்துவிடும். அதற்கு முன் மருந்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள முறைக்கு இரண்டு மில்லி இரத்தம் வேண்டும். அவளாகக் கண்டு பழகிய முறைக்கு மூன்று சொட்டுப் போதும். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, நுனியில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. சொட்டுக்குள் விட்டுக் கலக்கினால் மருந்து வந்து பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

மிச்சம் விழுந்த நூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளை இரண்டு முறையிலும் அளந்து, ஒத்துப்போவதைக் காட்டி, கோப்பாக எழுதிப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோப்பு அவருடைய தேநீர்க் கோப்பையைத் தாங்கிக்கொண்டு மேசையில் சுகமாக இருந்தது.

அன்று காலை பத்தரை மணிக்குப் பச்சைக் குழந்தைகள் வார்டின் நர்ஸம்மா படியேறி மூச்சு வாங்க வந்தார். கையில் ஒரு மெல்லிய குழாய். அடியில் கொஞ்சம்போல் இரத்தம்.

"நேத்திலேர்ந்து ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. போதலையாம். அந்தப் பொண்ணு மொத்தமே தொள்ளாயிரம் கிராம். உடம்பு ரத்தம் முழுக்கப் புடிச்சாலும் ஒரு டம்ளர் ரொம்பாது. இன்னும் எங்க குத்தச் சொல்றீங்க?"

பிரிவுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ரெண்டு மில்லி வேணும்மா. நானா வச்ச சட்டமா அது?"

"குருவி தலையில பனங்காய வைக்கறீங்க சார். வலிப்புக்கு மருந்து போட்டதிலேர்ந்து கண்ணே தொறக்கல. மூச்சு விட்டு விட்டு வருது. மருந்து ஜாஸ்தியா, இல்ல தலைக்குள்ள ரத்தம் கசியுதான்னு டாக்டருக்கே புரியல. மருந்த நிறுத்தினா வலிப்பு வந்துடுமோன்னு பயப்படறாங்க."

கம்பியக்கா எழுந்து வந்து குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் பாக்கறேன்."

"நீ பாக்கப் போறதில்ல," என்றார் தலைவர். "உன் கம்பி வித்தைக்கு ஒப்புதல் கிடையாது."

"ஒப்புதல் உங்க கோப்பைக்கு அடியில இருக்கு சார். எடுத்துக் குடுங்க, காத்திருக்கேன்."

அறையில் யாரோ கனைத்தார்கள். தலைவரின் காது சிவந்தது. "இது உத்தரவு. தொட்டேன்னா எழுத்துல விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுக்கறேன். நல்லா எழுதுவேன்."

அவள் குழாயைச் சுழற்றியில் வைத்தாள். மேலே மஞ்சளாய்த் தெளிந்ததை எடுத்து இரண்டு சின்னக் குப்பிகளில் பங்கிட்டாள். மருந்தின் அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியைப் பக்கத்தில் மூன்றாவதாக வைத்தாள். கம்பி பொய் சொன்னால் அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்றிலும் கம்பியை இறக்கிக் கலக்கும் கருவியை ஓடவிட்டாள். இருபது நிமிடம். தலைவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முறை தப்பாயிருந்தால் வேலை போவது இருக்கட்டும், ஒரு தப்பான எண்ணை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டால்? நேரம் ஆனதும் கம்பிகளை எடுத்து எந்திரத்துக்குக் கொடுத்தாள்.

அளவு தெரிந்திருந்த மூன்றாவது மாதிரி சரியான எண்ணையே காட்டியது. குழந்தையின் முதல் குப்பி ஐம்பத்தெட்டு. இரண்டாவது ஐம்பத்தேழு. நாற்பதைத் தாண்டவே கூடாது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் தலைவர்.

"வேண்டாம்." ஒரு வெள்ளைத்தாளில் எண்களை எழுதினாள். கீழே, 'ஒப்புதல் பெறாத முறை. பொறுப்பு என்னுடையது' என்று எழுதித் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். பிறகு குழந்தை டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, முறைக்கு ஒப்புதல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு எண்ணைச் சொன்னாள்.

டாக்டர் ஒன்றைத்தான் கேட்டார். "ரெண்டு தடவை பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன் டாக்டர்."

"அடுத்த டோஸ நிறுத்தறேன். ஸ்கேனும் எடுத்துடறேன்."

ஸ்கேனில் கசிவு இல்லை. நான்காம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டதாக நர்ஸம்மா சொல்லியனுப்பினார். அதே நாள் விசாரணைக் கடிதமும் வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தட்டச்சு செய்த தாளை அவள் பக்கம் தள்ளினார். 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்றிருந்தது.

"என்ன தவறுன்னு இதுல எழுதலையே சார்?"

"உத்தரவ மீறினது."

"அப்ப அத முழுசா எழுதுங்க. 'குழந்தைகிட்ட இன்னும் ரத்தம் எடுக்க வைக்காம அளந்து சொன்ன தவறுக்கு'ன்னு. உடனே கையெழுத்துப் போடறேன்."

எழுத யாரும் துணியவில்லை. இரத்த மாதிரிகளை வாங்கும் ஜன்னலுக்கு அவளை மாற்றினார்கள்.

வீட்டில் கணவன் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டான். "ஒரு கையெழுத்துதானே? தலையவா கேட்டாங்க?"

"தலைய கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அதுசரி. உன்கிட்ட போய் சொன்னேன் பாரு."

இரண்டு மாதம் ஜன்னலில் சீட்டு ஒட்டினாள். அதற்குள் குழந்தை டாக்டர் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதி, அவளுடைய முறை பற்றிய கோப்பை அவர்களே கேட்டு வாங்கும்படி செய்தார். குழந்தைகள் வார்டுக்கு மட்டும் புது முறையை ஆறு மாதம் சோதித்துப் பார்க்க உத்தரவு வந்தது. கம்பியைக் கையாளத் தெரிந்தவள் கூடத்தில் ஒருத்திதான்.

பிரிவுத் தலைவரே ஜன்னலுக்கு வந்தார். கையில் அதே தட்டச்சுத் தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கே உன் எடத்துக்கு வந்துடலாம்."

"போடாமதான் சார் இங்க வந்தேன். போடாமலேயே அங்கயும் வரேன்."

"புடிவாதம் உனக்கு நல்லதில்ல."

"தொள்ளாயிரம் கிராம் பொண்ணு, ஒண்ணே முக்கால் கிலோவாகி நேத்து வீட்டுக்குப் போயிருக்கா. நல்லதுதான் சார்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியேறினார். போகிற போக்கில், திரும்பிப் பார்க்காமலே, "ஒம்பது மணிக்கு வந்துடு," என்றார்.

மறுநாள் அவள் எட்டே முக்காலுக்கே போய் எந்திரத்தைச் சூடேற்றினாள்.