பாண்டுரங்கனின் புலி

1

இந்தக் கதை ஒரு சின்னச் சிக்கலில் பிறந்தது. ஒரு கட்டு அட்டைகள் கலைந்துவிட்டன. எதிலும் எண் இல்லை. மறுபடி எப்படி வரிசைப்படுத்துவது? எனக்கு விடை தெரியவில்லை. சரி, ராஜாக்கண்ணு பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: "ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு..." வேண்டாம். அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அந்தக் காலத்துக் கணினிக்கு ஓர் அட்டையில் ஒரு கட்டளை. எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் செவ்வகத் துளைகள். அட்டைகளை அடுக்கி விட்டால் எந்திரம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். வரிசை மாறினால், சோறு வடித்த பிறகு உலை வைக்கச் சொன்னது போலாகிவிடும்.

எழுபதுகளில், எந்திரத்துக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றவர் பாண்டுரங்கன். (என் கற்பனையில் மட்டும்.) சென்னையில் ஒரு கல்லூரியில் இருந்தார். அங்கிருந்த கணினிக்கு ஆடுபுலி ஆட்டம் பழக்கினார். எந்திரம்தான் புலி. தான் ஆடும் விதத்தையே விதிகளாக எழுதியதால் அது அவரைப் போலவே நகர்ந்தது. ஜவ்வாது மலையிலிருந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் மனைவி கெங்கம்மாள் ஆடுகளை வைத்து அவரை மடக்கிவிடுவாள்.

"பட்டணம் வா, அதோட ஆடிப் பாரு" என்பார்.

"சாம அறுப்பு முடியட்டும்" என்பாள்.

எல்லா வருஷமும் சாமை அறுப்பு இருந்தது. 1982இல் அவர் இறந்துபோனார். அவருடைய காகிதங்களும் புலியின் அட்டைக் கட்டும் ட்ரங்குப் பெட்டியில் வீடு வந்து சேர்ந்தன.

3

அவற்றைக் காப்பகத்தில் வைக்க விரும்பிய கல்லூரி, ராஜாக்கண்ணுவை அனுப்பியது. போளூரிலிருந்து பஸ் ஏறி வந்தான்.

"இன்னாங்கம்மா ஆச்சு, அட்டைங்க இப்டி நெளிஞ்சிருக்கு?"

"மழ தம்பி. வூடு ஒழுகி அல்லாம் நனஞ்சிட்ச்சி. பாறையில பரப்பிக் காயவச்சேன். சாம தானியம்னா கால்லயே தள்ளி உடுவோம். இது அவரு காயிதம், கையாலயே பொரட்டுனேன். ஒண்ணு கூட காத்துல போகல."

(இங்கே அவனைக் கோபப்பட வைத்து, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். நனைந்ததை வெயிலில் விரிக்காமல் வேறென்ன செய்வார்கள்?)

வரிசையைப் பற்றி அவன் மெதுவாகச் சொன்னான்.

"அப்ப அவரு புலிய நான்தான் கலச்சிட்டனா?"

"அப்டியில்லம்மா."

"பின்ன எப்டி? ஆட்டத்துல மடக்குனது வேற. இது..."

அந்த வாக்கியத்தை நானும் முடிக்கவில்லை. அந்தப் புலியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

4

ஒரு குறிப்பு: அட்டைக் கட்டின் விளிம்பில் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்துவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். கட்டு சிதறினாலும், கோடு நேராகும்வரை அடுக்கினால் வரிசை வந்துவிடும். பாண்டுரங்கனும் இழுத்திருந்தார், பேனா மையால். மழை அதைக் கழுவிவிட்டது.

5

"பூச்சி வேற தின்னுட்ச்சி" என்றாள். "புளி வச்ச ரூம்ல பொட்டிய வச்சது தப்பு."

ராஜாக்கண்ணு ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். செவ்வகத் துளைகளுக்கு நடுவே ஒரு வட்டத் துளை. இன்னோர் அட்டையிலும் அதே உயரத்தில், கொஞ்சம் தள்ளி.

"பூச்சி மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான். அதுக்கப்புறம் வேப்பல போட்டு வச்சிட்டேனே."

(நிஜப் பூச்சி இவ்வளவு நேராகப் போகுமா? சந்தேகம்தான். இந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள்.)

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், கல்லூரி மூலையில் அந்தப் பழைய எந்திரம் இன்னும் இருக்கிறது. கெங்கம்மாள் ஆடி ஜெயிக்கிறாள். ஜெயித்த பிறகும் எழுந்திருக்க மனமில்லை. மற்றதில், எந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவள் வர இன்னும் ஒரு அறுப்பு தாமதமாகிவிட்டது. எது வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது விடை மட்டும்.

மழைக்கு முன்னால், கட்டு கலையாமல் இருந்தபோதே பூச்சி அதைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அதனால் அட்டைக்கு அட்டை வட்டத் துளை சற்று நகர்ந்திருக்கும். தொடக்க அட்டை மட்டும் சிவப்பு. அதில் துளை இடது ஓரத்தில் இருக்கிறது. அதை முதலில் வைக்க வேண்டும். துளை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளியிருக்கும் அட்டை அதற்கு அடுத்தது. வலது ஓரத்தில் துளை உள்ளது கடைசி.