பின்வாங்கிய குளியலறைச் சுவர்

மலேசியாவின் கோத்தா திங்கியில், செம்பனை எண்ணெய் ஆலை மேற்பார்வையாளர் யுகேந்திரனின் குளியலறைச் சுவர் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்கு விரற்கடை பின்வாங்கியது. சுடுநீர்ப் பெட்டி மாட்ட நான்கு துளைகள் வேண்டியிருந்தன. அதற்குள் ஐந்து டைல்ஸ் விரிசல் விட்டுவிட்டன; ஆறாவதன்மேல் அவர் டிரில்லை வைக்கப் போனபோதுதான் சுவர் நகர்ந்தது. அவர் ஓரடி முன்னே போனார். அது இன்னும் கொஞ்சம் பின்னே போனது.

"டிரில்லுல அந்த இடிக்கிற ஹேமரை ஆஃப் பண்ணிட்டு மெதுவா போடுங்க," என்றாள் மனைவி பிரேமலா.

"இருபது வருசமா மெஷினோட இருக்கிறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

அதன்பின் சனிக்கிழமைதோறும் சுவரைத் துரத்துவதே அவர் வேலையாயிற்று. தீபாவளி நெருங்கும்போது அந்தக் குளியலறையில் இரண்டு பேர் கைவீசி நடக்கலாம். ஆனால் வரிசை வீடுகளில் சுவர் பொது. அதன் மறுபக்கம், அச்சுமுறுக்கு சுட்டு விற்றுத் தனியாகப் பிழைக்கும் பேச்சியம்மாளின் சமையலறை.

பேச்சியம்மாள் யுகேந்திரன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, குசினியில திரும்பினா முதுகு ஃபிரிட்ஜுல இடிக்குது லா. முன்னூறு டின்னுக்கு ஆர்டர் எடுத்திருக்கேன். சட்டிய எங்க வைப்பேன், சொல்லுங்க."

யுகேந்திரனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. டிரில்லை மனைவியிடம் நீட்டினார். பிரேமலா டைல்ஸில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்து, டிரில்லில் ஈட்டி முனைப் பிட்டை மாட்டி, ஹேமரை அணைத்து, தண்ணீர் சொட்டவிட்டபடி மெதுவாக அழுத்தினாள். சுவர் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு கறவை மாட்டைப்போல அசையாமல் நின்றுகொடுத்தது. நான்கு துளைகள், ஒரு கீறல் இல்லை. போன இடத்திலிருந்து மட்டும் அது திரும்பவில்லை.

பேச்சியம்மாள்தான் வழி கண்டார். "நீங்க என் குசினிப் பக்கம் வந்து, உங்க மாதிரியே போடுங்க தம்பி."

வெட்கத்தோடு போனவர் ஹேமரை முடுக்கி டிரில்லைத் தூக்கினார். சுவர் அலறியடித்துக்கொண்டு ஓடி, பழைய இடத்தில் வந்து நின்றது. முறுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து அந்தத் தாமான் குடியிருப்பில் துளை வேண்டியவர்கள் பிரேமலாவைக் கூப்பிட்டார்கள். இடம் வேண்டியவர்கள், பக்கத்து வீட்டாரின் சம்மதத்தோடு, யுகேந்திரனைக் கூப்பிட்டார்கள்.