பத்து மணிக் கை

என் அக்கா மேர்சியின் கை காலை பத்து மணிக்குத்தான் கையாகும். அதுவரை அது வீங்கிய கட்டை. விரலை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. அவளுக்கு றப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை; பாலோ விடியற்காலையில்தான் நன்றாக வடியும். பத்து மணிக்கு மேல் மரத்தை வெட்டி என்ன வரும்?

கார்மென்ட் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு நான் அக்காவின் லயத்து வீட்டில் கிடந்ததால் தினமும் பார்த்தேன். ஐந்து மணிக்குச் சுடுதண்ணீரில் கையை வைத்திருப்பாள். பிறகு பால்வெட்டுக் கத்தியை அவள் உள்ளங்கையில் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவேன். அப்படித்தான் மரம் வெட்டினாள்.

கோயில் மைதானத்தில் நடந்த இலவச முகாமில் டாக்டர் நூரியா அவள் விரல்களை அமுக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இது மூட்டைத் தின்னுற வருத்தம். தைலமும் பெனடோல் குளிசையும் சரிவராது. வாரத்துக்கு ஒரு தடவ போடுற மருந்து இருக்கு. ரத்தம் சோதிச்சு சோதிச்சுத் தருவாங்க. சீக்கிரம் தொடங்கினா விரலக் காப்பாத்தலாம். பெரியாஸ்பத்திரி மூட்டு கிளினிக்குக்குப் போங்க."

கிளினிக் நாளுக்கு லீவு வேண்டும். லீவுக்குத் தோட்டத்து டிஸ்பென்சர் ஞானப்பிரகாசத்தின் சீட்டு வேண்டும். அவர் மருந்தறைக் கதவைத் திறப்பது பத்து மணிக்கு.

பத்து மணிக்கு அக்காவின் விரல் மடங்கும்.

"கையப் பொத்து. விரி. நல்லாத்தானே இருக்கு? வேலைக்குக் கள்ளம்!" என்பார். ஒரு கார்டு பெனடோலைத் தூக்கிப் போடுவார். ஏழு மாதம் இதேதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கத்தியைக் கட்டவிடவில்லை.

"வாடா தம்பி," என்று நேரே டிஸ்பென்சரின் குவாட்டர்ஸுக்கு நடந்தாள். மணி ஆறுகூட ஆகவில்லை. கையால் தட்ட முடியாது. முழங்கையால் கதவை இடித்தாள்.

கட்டிய சாரத்தோடு வந்தார், கையில் பிளேன்டீக் கோப்பை.

"பைத்தியமா ஒனக்கு? பத்து மணிக்கு வா!"

"பத்து மணிக் கையத்தான் ஏழு மாசமா பாத்தீங்களே, ஐயா. இதயும் பாருங்க. பொத்தச் சொல்லுங்க."

"எல்லாம் நடிப்பு." கோப்பையை வைத்துவிட்டு அவள் நடுவிரலைப் பிடித்து மடக்கினார்.

அக்கா போட்ட சத்தத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் வேலியோரம் நின்றுவிட்டது. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா திரேசா கத்தினாள்: "ஐயா, ஒங்க வெரல இப்பிடிக் குடுங்க, நான் மடக்கி விடுறேன்!"

"ஹரி ஹரி, சரி, சத்தம் போடாதீங்க," என்றார் டிஸ்பென்சர்.

லீவுச் சீட்டை எழுதினார். சீட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்து வை."

"பத்து மணிக்கு வந்து வைக்கிறேங்க," என்றாள் அக்கா.

சீட்டை நான்தான் வாங்கினேன்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் அன்றே மருந்து தொடங்கினார். வலது கையில் இரண்டு விரல் இனி நிமிராது என்றார். மற்றவற்றைக் காப்பாற்றலாமாம்.

"ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். டிஸ்பென்சரின் பெயரையும் வேலையையும் தெளிவாகச் சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

டாக்டர் அதை எழுதவில்லை.