பேர் சொன்ன பாட்டு

மகாலட்சுமியை நம்பினேன். கம்பத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வந்து நிற்பாள். பொங்கலன்று அவர்கள் வீட்டுக் கரும்பு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மதுரையில் ஒரு பழைய சங்கீதப் பள்ளியில் டீச்சரான பிறகும் எனக்கு அவள் மகாதான். நம்பாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா?

எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிச் சபை கூடும். பெண்கள் மட்டும்தான். கல்யாணமானவள் ஒவ்வொருத்தியும் தன் புருஷனைக் கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டிப் பாடி, முடிவில் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் நாங்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வோம். சபையில் பாடியது வாசல் தாண்டாது. அந்தத் தைரியத்தில்தான் வாய் அப்படி நீளும்.

என் கொழுந்தன் மகள் ஷர்மின் கல்யாணச் சபையில் மகா டேப்ரிக்கார்டரோடு வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு மட்டும்தேன்க்கா. எங்காத்தா மேல சத்தியமா வேற யாரும் கேக்க மாட்டாக.”

சரியென்று நானும் குஷியாக எடுத்துவிட்டேன்.

“சந்தையில சத்தம் போட்டா சாமான் வெல ஏறும்,
அந்தி சாஞ்சு போச்சுதுன்னா ஆளு கொரலு மாறும்,
கொல்லப்பக்கம் போகணுமாம், கூட வரச் சொல்வாரு,
கையில் டார்ச்ச நான் புடிச்சா காலத் தூக்கி வைப்பாரு!”

“யாருடி அது?” என்று சபையே கத்தியது. பெயரைச் சொன்னேன். ஒருத்தி சிரித்த சிரிப்பில் அவள் கை மருதாணி முழுக்க அழிந்துபோனது.

என் வீட்டுக்காரர் திராட்சை வியாபாரி. ஏலத்தில் அவர் குரல் உயர்ந்தால் கேரளத்து வியாபாரிகளே அடங்குவார்கள். ஆனால் சின்ன வயதில் கிணற்றில் விழுந்து விடிய விடியக் கிடந்தவர். அன்றிலிருந்து இருட்டு அவருக்கு ஆகாது. நிக்காஹ் முடிந்த வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார்.

பல வருஷம் கழித்து, 2004-இல் மகா போன் செய்தாள். பள்ளியையும் அதன் பழைய நூலகத்தையும் ஊர்க்காரர்களுக்குத் திறந்து காட்டுகிறார்களாம், அண்ணனோடு வரவேண்டுமாம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “படிக்காத நம்மளயும் மதிச்சுக் கூப்பிட்டுருக்காகல்ல” என்று வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்தார்.

நூலகத்தில் தேக்கு அலமாரிகள் கூரை வரைக்கும் நின்றன. துணியில் சுற்றிய ஓலைச்சுவடிகள், உறை கிழிந்த இசைத்தட்டுகள், மூலையில் நரம்பில்லாத வீணை ஒன்று. பள்ளிவாசலுக்குள் நடப்பதுபோல் மெல்ல நடந்தார். ஒரு புத்தகத்தைக் காட்டி, “தொடலாமாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

அடுத்தது பாட்டு வகுப்பு. ஜமுக்காளத்தில் பையன்களும் பெண்களுமாக ஹால் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எங்களை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, மகா பெருமையாகப் பொத்தானை அழுத்தினாள்.

என் குரல் வந்தது.

முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். நான் எழுந்து, “நிப்பாட்டு மகா” என்றேன். அவளோ கூச்சப்படாதீங்கக்கா என்று கையமர்த்தினாள். பாட்டு கொல்லைப்பக்கம் போனதும் ஹால் சிரித்தது. “யாருடி அது?” என்றது டேப்.

“சேக் பரீதுதேன்! வேற யாரு!” என்று டேப்பில் என் வாயே சொன்னது.

“இவங்கதான் பாடினது, இவர்தான் அந்த அண்ணன்” என்றாள் மகா. கைதட்டினார்கள். அவர் மடியில் கைகளை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். “ஆத்தா மேல சத்தியம் பண்ணுனியேடி!”

“எத்தன வருசமா பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுறேன் தெரியுமாக்கா? எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு. ஒங்க கொரலு காலத்துக்கும் நிக்கும்.”

“அது நிக்கும். எம் வீட்டுக்காரரு இனி எங்கன போயி நிப்பாரு?”

அவளுக்கு அது புரியவே இல்லை. ஏமாற்றியவளுக்கு ஏமாற்றினோம் என்றாவது தெரிய வேண்டாமா? கூடவே வளர்ந்தவள்தானே!

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி எல்லாம் கடந்து கம்பம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, கரண்டும் இல்லை. அவர் கொல்லைக்கதவின் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“வேணாம்” என்றார். “இத்தன வருசத்துல எம் பேர நீ சொல்லி இன்னைக்குத்தேன் கேட்டேன், அம்சத். ஊரோட சேந்து கேட்டேன்.”

இருட்டுக்குள் தனியாக இறங்கினார். சுவரைத் தடவித் தடவிப் போகும் அவர் கையின் சத்தம் கேட்டது. டார்ச்சைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.