மணியடிக்கும் மெஷினும் காந்திமதி கல்யாணமும்

விழுப்புரத்து ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட கணக்கு மெஷினை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தேன். அதற்குக் கரண்ட் வேண்டாம். பல்லை நகர்த்தி எண்ணை வைத்து, பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கும், வகுக்கும். கணக்கு எல்லை மீறினால் 'டிங்' என்று மணியடிக்கும். ஒருமுறை ஒன்றை மூன்றால் வகுக்கவிட்டேன். பொங்கலன்று கைப்பிடி தானாகவே சுற்ற ஆரம்பித்தது, பங்குனியில் நானே பிடித்து நிறுத்தும்படி ஆயிற்று.

1987-ல் எதிர்வீட்டுத் துரைக்கண்ணுவின் மகள் காந்திமதியைத் திண்டிவனம் வாத்தியார் சீனுவாசனுக்குப் பேசி முடித்தார்கள். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிள்ளையின் அப்பா அரங்கநாதன் மட்டும் சும்மா இருக்கவில்லை. திண்டிவனத்தில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் பொருத்தம் பார்த்தார். பெண் மிருகசீரிடம், பிள்ளை சித்திரை, ரஜ்ஜு தட்டுகிறது, பிள்ளை உயிருக்கு ஆகாது என்று காகிதம் வந்தது. சம்பந்தம் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார். காந்திமதி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

துரைக்கண்ணு பழைய நோட்டோடு என்னிடம் வந்து நின்றார். "பொறந்த நேரம் பன்னெண்டு நாப்பதுன்னு எங்கப்பா கையால எழுதி வெச்சதுங்க. அதத்தான் கம்ப்யூட்டர்ல போட்டாங்க."

அவர் சம்சாரம் ராஜாமணி குறுக்கே வந்தாள். "மத்தியானமா? நான் காலையில கேப்பைக் கூழு குடிச்சிக்கினு படுத்தவ. மத்தியானச் சோறு ஆக்கறதுக்குள்ள பொறந்துட்டாளே!"

"துரைக்கண்ணு, உங்கப்பா எந்தக் கடிகாரத்தைப் பாத்து எழுதினாரு?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஏதுங்க கடிகாரம்? குச்சி நட்டு நெழல அளந்துதான்..."

எனக்கு விளங்கிவிட்டது. அது மணியே இல்லை. பொழுது விடிந்ததிலிருந்து பன்னிரண்டு நாழிகை, நாற்பது விநாழிகை!

மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை திண்டிவனம் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். பக்கத்து சீட்டு அம்மாள் கடலை உரித்துத் தின்றபடி அதற்கும் ஒரு கை அவித்த மல்லாட்டை நீட்டினாள்.

ஜாதகக் கடை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி., கோயில் கருவறை மாதிரி அமைதி. கடைக்காரர் கோதண்டபாணி வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்: "மெதுவா பேசுங்க சார், கம்ப்யூட்டர் பேஜாராயிடும்."

நான் சொல்லி அனுப்பியதில் அரங்கநாதனும் வந்திருந்தார். "இன்னாங்க இது, கரும்பு புழியிற மெஷினா?"

"ஆமாங்க. உங்க சந்தேகத்தப் புழியலாம்னு வந்தேன்."

நாழிகைக்கு அறுபது விநாழிகை; பன்னிரண்டு நாழிகை நாற்பதை விநாழிகையாக்கினால் எழுநூற்று அறுபது. விநாழிகைக்கு இருபத்துநான்கு நொடி. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றி, ஓர் இடம் தள்ளி, இன்னும் இரண்டு சுற்று. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது நொடி, அதாவது ஐந்து மணி நாலு நிமிஷம். காந்திமதி பிறந்த அன்று சூரியன் உதித்தது ஆறுக்கு.

"பொண்ணு பொறந்தது பதினொண்ணு நாலு. இப்ப உங்க பெரியவர் கிட்ட கேளுங்க" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

கோதண்டபாணி தட்டினார். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. காகிதத்தைக் கிழித்தவர் உரக்கவே படித்தார்: "ரோகிணி! மிருகசீரிடம் பதினொண்ணே முக்காலுக்குத்தான் ஆரம்பம். ரஜ்ஜு தட்டல சார்!"

அரங்கநாதன் காகிதத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், வெளியே போய் இரண்டு மாலை வாங்கி வந்தார். ஒன்று எனக்கு. பெரியது அதற்கு.

காந்திமதி அன்று சாயங்காலம் ஏழு இட்லி சாப்பிட்டாள்.

கல்யாணத்தில் அய்யர் கைக்கடிகாரத்தை அரங்கநாதன் நம்பவில்லை. மெஷின்தான் முகூர்த்தம் சொல்ல வேண்டுமென்று அதை மணவறைக்குப் பக்கத்தில் பட்டுத்துணி போட்டு உட்கார வைத்தார். நேரம் வந்ததும் சைபரிலிருந்து ஒன்றைக் கழித்தேன். டிங்! கெட்டிமேளம் முழங்க, சீனுவாசன் தாலி கட்டினார்.

சைபருக்குக் கீழே போக வழியில்லாமல், மெஷினில் வரிசையாகப் பதின்மூன்று ஒன்பது நின்றது. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அதுதான். மெஷின் தப்பாகச் சொல்லாது.